அக்காவுக்கு ஆமா போட வராது

என் தொழில் ஆமா போடுவது. கேலிக்காகச் சொல்லவில்லை. வில்லுப்பாட்டில் கதை சொல்ல ஒருவர் உண்டு. அவர் ஒரு வரி சொல்லி மூச்சு வாங்குகிற இடத்தில், அந்த வரி விழுந்துவிடாமல் "ஆமா" என்று முட்டுக் கொடுக்க இன்னொருவர் உண்டு. அந்த இன்னொருவர் நான். "ஊருக்குத் தெக்க ஒரு கொளம்." "ஆமா." "கொளத்துக்கு ஒரு மடை." "ஆமா." இப்படியே சொல்லிச் சொல்லி எனக்கு மீசை நரைத்துவிட்டது. மற்ற நாள்களில் தென்காசியில் ஜெராக்ஸ் கடை. அங்கேயும் வந்ததை வந்தபடி திருப்பிக் கொடுக்கிற வேலைதான். சொந்தமாக ஒரு வாக்கியம் உண்டாக்க வேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை, போன ஆடி வரைக்கும்.

எங்கள் குழுவில் நாலு பேர். வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையிலும் வீசுகோல் பிடித்து, நாணில் அடித்தபடி கதை சொல்கிறவள் அக்கா. கூடப் பிறந்த அக்கா இல்லை. ஆனால் என் கல்யாணத்துக்கு முகூர்த்தச் சேலை எடுத்ததும் அவள்தான், பிறகு அந்தச் சேலையைக் கட்டினவளிடம் என்னைப் பற்றி உள்ளதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். வில்லோடு கட்டிய மண்குடத்தைத் தட்டுகிறவர் அண்ணாச்சி, எங்களில் மூத்தவர். வடகரையில் ஒரு தென்னந்தோப்பும், தோப்பைவிட வயதான ஒரு வேனும் வைத்திருக்கிறார். உடுக்கை அடிக்கிற தம்பி செங்கோட்டை மார்க்கெட்டில் பழக்கடை போட்டிருக்கிறான். பாதி வியாபாரம் மலைக்கு அந்தப் பக்கம் என்பதால் என்னைச் "சேட்டா" என்றுதான் கூப்பிடுவான். மரியாதைக்கா நக்கலுக்கா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நான் வெறும் ஆமாவோடு நிற்கிறவனும் இல்லை. நடுவில் ஒரு குசும்பை எடுத்துவிடுவேன். ராஜா வேட்டைக்குப் போனார் என்று அக்கா சொன்னால், "ஆமா, வீட்ல இருந்தா ராணி தேங்கா துருவச் சொல்லிருவா" என்பேன். பந்தலே சிரிக்கும். ஆனால் அந்தச் சிரிப்பில் பாதிப் பங்கு அக்காவுக்கு. என் நாக்கு நுனியில் ஏதோ ஏறிவிட்டது என்று அவளுக்கு எப்படியோ தெரியும். வீசுகோலைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒரு மூச்சு அளவுக்கு இடம் விடுவாள். அந்த இடத்தில் நான் நுழைந்துகொள்வேன். இத்தனை வருசமாக நான் பெரிய சிரிப்புக்காரன் என்று பேர் எடுத்தது அந்த ஒரு மூச்சு இடத்தில் குடியிருந்துதான்.

போன தை மாசம் அக்காவுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி போயிற்று. கூடவே குரலும் போயிற்று. முழுக்கப் போகவில்லை, தகரத்தில் ஆணியால் கோடு இழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு மிச்சம் இருந்தது. இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது வார்த்தை வெறும் காற்றாக வரும். நரம்பு சரியானால் குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து வீசுகோல் இரண்டையும் ஒரு பழைய துண்டில் சுற்றி பீரோ மேல் வைத்துவிட்டாள். யாராவது அந்தப் பக்கம் பார்த்தால், "என்ன, பல்லி இருக்கா?" என்று முறைப்பாள்.

ஆடி பிறந்தது. வடகரைப் பக்கம் ஒரு ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா, வருசா வருசம் நாங்கள்தான் பாட்டு. கொடைக் கமிட்டித் தலைவர் ரிட்டையர்டு சப்-இன்ஸ்பெக்டர். அவர் போனில் பேசினாலும் எதிரே லத்தி இருக்கிற மாதிரியே இருக்கும். கடையில் ஆள் நிற்கும்போது கூப்பிட்டார்.

"அக்காவுக்குத் தொண்டை போயிட்டாமே?"

"ஆமா."

"அப்ப இந்த வருசம் கதை நீரு சொல்லுவீரோ?"

"ஆமா."

"உச்சிக்கொடைக்குச் சாமி வந்துரணும் பாத்துக்கிடும். பொறுப்பு உம்மது. என்ன?"

"ஆமா."

போனை வைத்துவிட்டார். நான் யாரோ ஒருத்தருடைய ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்ன சொன்னேன் என்பது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. எதிராளி ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கினால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மச்சினன் எங்கள் வீட்டிலேயே தங்கி காலேஜ் படித்ததும் இப்படி ஒரு சாயங்காலத்தில் முடிவானதுதான்.

சாமி வருவது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கொடையில், மத்தியானம் கதை உச்சத்துக்குப் போகும்போது, அந்தக் கோயில் சாமியாடிக்கு அருள் வந்து அவர் எழுந்து ஆட வேண்டும். வரவில்லை என்றால் கொடை குறைபட்டுப் போச்சு என்று ஊர் பேசும். அடுத்த வருசம் மழை பெய்யாவிட்டாலும், எவனாவது பரீட்சையில் தோற்றுவிட்டாலும் அதற்கும் வில்லுக்காரர்கள்தான் காரணம். அக்கா உச்சத்தில் நின்று பாடி அந்த ஊரில் சாமி வராமல் இருந்ததில்லை. அவள் குரல் ஏற ஏற, சாமியாடிப் பெரியவருக்குத் தோள் நடுங்க ஆரம்பிக்கும். இனி அந்தத் தோளை என் குரல் நடுங்க வைக்க வேண்டும். என் குரலுக்கு இதுவரை நடுங்கியது நான் மட்டும்தான்.

பயம் எனக்கு வயிற்றில்தான் இறங்கும். அன்று கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய், கக்கூஸிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்து யோசித்தேன். மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொள்ளலாமா என்று ஏறி நின்று பார்த்தேன். எனக்கு வேண்டிய அளவுக்கு எலும்பு முறிகிற உயரமாக அது தெரியவில்லை, அதற்கு மேலே போனால் வேண்டாத அளவுக்கு முறியும் போலிருந்தது. மனைவி கீழேயிருந்து, "அங்கன என்ன பண்ணுதீய?" என்றாள். "காத்து வாங்குதேன்" என்று இறங்கி வந்தேன்.

அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். குரல் போன பிறகு அவள் சிரிப்பு சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. அடித்துக்கொண்டே இருந்தாள்.

"நீயா? கதையா?"

"வாய் தவறிட்டுக்கா."

"ஒனக்கு வாய்... எப்ப தவறல?" மூச்சு எடுத்துக்கொண்டாள். "நான் வரல. ஊமை உக்காந்து... வில்லடிக்கவா? போ லே."

சாயங்காலம் அண்ணாச்சியும் உடுக்கைத் தம்பியும் வந்தார்கள். அண்ணாச்சி நாற்காலியில் உட்காரவே இல்லை. வாசலில் நின்றபடி சொன்னார்: "தங்கச்சி, நீ வரலன்னா எங் குடமும் வராது. ஒனக்கு முன்னால வச்சுத் தட்டின குடத்த இவனுக்கு முன்னால வச்சுத் தட்டுனா, குடம் என்னப் பாத்துச் சிரிக்கும்." உடுக்கைத் தம்பி, "சேட்டன் ஒத்தைக்குப் போயி ஆமா மட்டும் சொல்லிட்டு வரட்டு" என்றான்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அத எறக்கு." பீரோ மேலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவிழ்த்து வீசுகோலின் சலங்கையைத் துடைத்துக்கொண்டே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், இந்தக் கொடையோடு சரி என்று. சாமி வந்துவிட்டால், இவர்கள் இனிப் பார்த்துக்கொள்வார்கள் என்று நிம்மதியாக விலகிவிடுவாள். வராவிட்டால் தன்னால்தான் என்று விலகிவிடுவாள். எப்படியும் இதுதான் கடைசி.

எனக்கு அதுவரை இருந்த பயம் ஒரு பயம்தான். அதற்குப் பிறகு இரண்டு ஆயிற்று. கதை சொல்லத் தெரியாமல் ஊரிடம் மாட்டிக்கொள்வது ஒன்று. நன்றாகச் சொல்லித் தொலைத்து அக்காவை நானே வீட்டுக்கு அனுப்பிவிடுவது இன்னொன்று. அக்கா இல்லாத வில்லுக்குப் பக்கத்தில் நான் எதற்கு உட்கார வேண்டும்? ஜெராக்ஸ் மெஷினுக்குக்கூட ஒரு அசல் வேண்டுமே.

அண்ணாச்சி தோப்பில் ஒத்திகை பார்த்தோம். அக்கா வில்லை அடிக்க வேண்டும், நான் கதை சொல்ல வேண்டும், எனக்கு அக்கா ஆமா போட வேண்டும். சின்ன வார்த்தைதான், அவள் தொண்டைக்கு அது போதும் என்று கணக்குப் போட்டிருந்தோம். நான் ஆரம்பித்தேன்: "ஊருக்குத் தெக்க ஒரு பெரிய கொளம்." மேலே ஒரு காக்கா கத்தியது. நான் திரும்பிப் பார்த்தால், அக்கா விடைத்தாள் திருத்துகிற டீச்சர் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, ஆமா போடு" என்றார் அண்ணாச்சி.

"அது பெரிய கொளமா?" என்றாள் அக்கா. "நடுத்தரம்."

"கதைக்குப் பெருசுன்னு சொல்லுதான். நீ ஆமா போடு."

"சொல்லுதது... சரியா இருந்தாத்தானே... ஆமா போட?"

அன்று முழுக்க அவள் ஒரு ஆமா போடவில்லை. வாழ்நாளெல்லாம் தான் சொல்வதை மற்றவர் ஆமோதித்தே கேட்டு வந்தவளுக்கு, இன்னொருத்தன் சொல்வதற்குத் தலையாட்ட வரவே இல்லை. முயற்சி செய்தாள், பாவம். வாயைத் திறப்பாள், உள்ளேயிருந்து "ஏன்?" என்று வரும். "மேடையில வந்துரும்" என்று அண்ணாச்சி ஒத்திகையை முடித்துவிட்டார். எதுவும் வராதபோது அவர் சொல்கிற வார்த்தை அது.

கொடை அன்று காலையிலிருந்தே சாரல். வெயிலும் தூறலும் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தன. நாங்கள் வேனை விட்டு இறங்கியபோது பந்தலுக்கு முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டு விரித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் தட்டில் சால்வை, மாலை. கமிட்டித் தலைவர் கையைக் கூப்பிக்கொண்டு வந்தார்.

"அம்மா, நீங்க இதுல உக்காருங்க. இத்தன வருசம் எங்க அம்மனுக்குப் பாடியிருக்கீய. மரியாத செய்யணும்னு கமிட்டி முடிவு. மேடைய அவங்க பாத்துக்கிடட்டும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அதில் மோசம். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சால்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மெதுவாக அவள் தோளில் ஏறி, அவளை அந்த நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

"வேண்டாம்" என்றேன்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். நானும் யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

"என்னது?"

"அக்கா மேடையிலதான் உக்காருவா. வில்லு அவளுக்கு. சால்வைய எடுத்து வைங்க."

"இங்க பாரும். குரல் இல்லாதவங்கள உக்கார வச்சு, சாமி வராமப் போச்சுன்னா ஊரு என்னைத்தான் கேக்கும்."

"என்னயும்தான் கேக்கும். நான் போன்ல பொறுப்பு எடுத்துக்கிட்டேன்லா?"

"ஏன் ஓய் அப்படி எடுத்தீரு?"

"அது வேற கதை."

அண்ணாச்சி குடத்தை மார்போடு தூக்கிக்கொண்டார். "மரியாத செஞ்சு ஓரமா உக்கார வைக்கிறதுக்கு எந் தங்கச்சி என்ன செத்தா போயிட்டா? அவ மேடை ஏறலன்னா இந்தக் குடம் வேன்ல ஏறும். நீரே மைக்க புடிச்சிப் பாடும். ஸ்டேசன்ல நல்லா சத்தம் போடுவீராம்லா, கேள்விப்பட்டிருக்கேன்." உடுக்கைத் தம்பி போய் அந்த வெள்ளைத் துண்டை மடித்து, நாற்காலியில் தேங்கியிருந்த சாரல் தண்ணீரைத் துடைத்து, தலைவரிடம் "நீங்க இரிங்க சார்" என்றான்.

தலைவர் உட்காரவில்லை. "ஒங்க இஷ்டம். அடுத்த வருசம் யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் போனார். நான் பந்தலுக்குப் பின்னால் போய்விட்டு வந்தேன். வந்தபோது அக்கா மேடையில் வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து, நாணை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஆளுக்கொரு மைக் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்து, "வீரன்... வந்துட்டான்" என்றாள்.

அந்த அம்மன் கதை இதுதான். மழைக்காலத்தில் குளம் உடையப் போகிறது. மடையைத் திறந்துவிட்டால் ஊர் பிழைக்கும், ஆனால் மடைக்குக் கீழே இருக்கிற அண்ணன்மாரின் விளைந்த வயல் போய்விடும். திறக்கக் கூடாது என்கிறார்கள் அண்ணன்மார். தங்கச்சி போய்த் திறந்துவிடுகிறாள். ஊர் பிழைத்தது. அண்ணன்மார் அவளை அந்த மடையிலேயே வெட்டிக் கொன்றார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து கும்பிடுகிறார்கள். வழக்கம்தானே.

அக்கா வில்லை அடித்தாள். சலங்கை பேசியது, குடம் பேசியது, உடுக்கை பேசியது. அடுத்தது நான். மைக்கில் வாயை வைத்தேன்.

"ஊருக்குத் தெக்க ஒரு கொளம்."

மூச்சு வாங்கினேன். மூச்சு வாங்குகிற இடம் வந்ததும் என் வாய் திறந்தது.

"ஆமா."

நானே சொன்னேன். நான் சொன்னதற்கு நானே. பந்தலில் ஒருத்தர் சிரித்தார். அடுத்த வரியை அவசரமாகச் சொன்னேன்: "கொளத்துக்கு ஒரு மடை. ஆமா." நிறுத்த முடியவில்லை. விக்கல் மாதிரி வந்துகொண்டே இருந்தது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "ஏலே, பொண்ணும் நீயே மாப்பிள்ளையும் நீயேவா?" என்று கத்தினார். பந்தல் வெடித்துச் சிரித்தது. வேர்வை என் கண்ணுக்குள் இறங்கியது. அக்காவைப் பார்த்தேன். ஆமா போடு தாயி, ஒரே ஒரு ஆமா, என்று கண்ணாலேயே காலில் விழுந்தேன்.

அவள் வீசுகோலைத் தாழ்த்தினாள். நான் உள்ளே நுழைந்துகொள்வதற்காக எப்போதும் விடுகிற அந்த ஒரு மூச்சு இடம். இந்தத் தடவை எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எனவே கதையையே சொன்னேன்.

"இடி இடிக்கி, மின்னல் வெட்டுது. கொளம் நெறஞ்சு போச்சு. அத பாத்து அந்தப் பொண்ணு பயந்துபோயி நின்னா."

அக்கா மைக் பக்கம் குனிந்தாள். "பயந்தது நீ."

அந்தக் கரகரப்பு ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது.

"சரி, நான்தான் பயந்தேன்" என்றேன். "அவ பயப்படலையா?"

"எதுக்கு?"

"அண்ணன்மாரு அரிவாளோட நிக்காங்களே."

"நின்னா?"

"நின்னான்னு கேட்டா என்ன அர்த்தம்? அரிவாளு அக்கா! நானா இருந்தா மலைக்கு அந்தப் பக்கம் போயி ரேசன் கார்டே மாத்தியிருப்பேன்."

"அதனாலதான்... ஒன்னய யாரும்... கும்பிடல."

இதற்குப் பிறகு கதை நான் நினைத்த வழியில் போகவில்லை, ஒத்திகை பார்த்த வழியிலும் போகவில்லை. நான் ஒன்று சொல்வேன், அக்கா மறுப்பாள். அண்ணன்மார் பக்கத்து நியாயத்தை நான் எடுத்தேன். விளைஞ்ச நெல்லு போயிருமே என்றேன். "நெல்லு... அடுத்த போகம் வெளையும்" என்றாள். அவளுக்கு இரண்டு வார்த்தைதான் முடியும், அந்த இரண்டு வார்த்தைக்கு நான் இருபது வார்த்தை சொல்லித் தோற்றுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி குடத்தில் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு அடி வைத்தார், வெட்கமில்லாமல். முன்வரிசைப் பெண்கள் அக்காவோடு சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "இவனும் அண்ணன்மாருல ஒருத்தன்தான் போலுக்கு" என்றாள். எனக்குப் பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேடுவதற்கு நேரமும் இல்லை.

ஆனால் உச்சம் வரத்தான் செய்தது. மடை திறந்தாயிற்று, அண்ணன்மார் சுற்றி நிற்கிறார்கள். "யாரக் கேட்டுத் தொறந்த?" என்று கேட்கிறார்கள். இங்கேதான் தங்கச்சியின் பதில் பாட்டு. இங்கேதான் அக்கா ஏறுவாள், இங்கேதான் சாமி வரும். சாமியாடிப் பெரியவர் கோயில் நடையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தலைவர் அவர் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டை நான்தான் பாட வேண்டும் என்று ஏற்பாடு. எடுத்தேன். இரண்டாவது வரியில் ஏறவேண்டிய இடத்தில் என் குரல் ஏணியிலிருந்து கால் வழுக்கின மாதிரி கீழே வந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் வழுக்கியது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அக்கா கையை உயர்த்தி அண்ணாச்சியை நிறுத்தினாள். உடுக்கை நின்றது. வில் நின்றது. பந்தல் துணியில் சாரல் விழுகிற சத்தம் மட்டும்.

"யாரையும்... கேக்கல" என்றாள் அக்கா.

பாடவில்லை. சும்மா சொன்னாள். மைக்குக்கு ரொம்பக் கிட்டப் போய், அந்தப் பெண் மடைமேல் நின்று மூச்சிரைக்கச் சொல்கிற மாதிரி சொன்னாள். அண்ணாச்சி விரல் நுனியால் குடத்தில் ஒரு அடி வைத்தார்.

"மடை ஒங்களுது."

ஒரு அடி.

"வயலு ஒங்களுது."

ஒரு அடி. இது எங்கள் பாட்டில் இல்லாத வரி. இத்தனை வருசத்தில் நான் கேட்காத வரி. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்தேன்.

"ஊரு உசுரு... யாருது?"

முன்வரிசையில் பேத்தியை மடியில் வைத்திருந்த ஒரு பெண், யாரிடமோ பேசுவதுபோல, "ஆமா" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அக்கா அடுத்த வரியைச் சொன்னாள். "நான் தொறந்தேன்." இந்தத் தடவை பெண்கள் பக்கம் மொத்தமும் சொன்னது. என் வேலையை அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "வெட்டணும்னா... வெட்டு." ஆமா. "தொறந்தது... தொறந்ததுதான்." ஆமா. ஒவ்வொரு வரியும் பாதியில் காற்றாகிப் போனது, போன இடத்தை ஊர் நிரப்பியது. அக்காவின் கழுத்தில் தையல் போட்ட கோடு ஏறி இறங்கியது. கண் முழுக்கத் தண்ணீர், எனக்குத்தான். அவள் கண் காய்ந்து, எரிகிற மாதிரி இருந்தது.

நடையில் ஒரு சத்தம். பெரியவர் எழுந்துவிட்டார். தோள் நடுங்கவில்லை, ஒரேயடியாக எழுந்து நின்று ஆட ஆரம்பித்துவிட்டார். குலவை எழும்பியது. அக்கா வீசுகோலை ஓங்கி வில்லில் போட்டாள். உடுக்கையும் குடமும் அவளோடு குதித்தன. ஆட்டம் அடங்கி, சாமி மஞ்சணை கொடுத்தபோது, தலைவர் வரிசையில் நின்று நெற்றியைக் காட்டி வாங்கிக்கொண்டார். அப்புறம் சால்வைத் தட்டோடு மேடைக்கு வந்தார். கதை சொன்னவருக்குப் போட வேண்டும் என்று என் பக்கம் நீட்டினார்.

"கதை சொன்னது யாருன்னு ஒங்களுக்கே தெரியும்" என்றேன்.

தலைவர் அக்காவுக்குப் போட்டார். அவளும் வாங்கிக்கொண்டாள். வாங்கின கையோடு அதை மடித்து, நனைந்த குடத்தைத் துடைக்க அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டாள். 

கொடை முடித்துத் திரும்பும்போது குற்றாலத்தில் குளித்துவிட்டுத்தான் வீடு என்பது எங்கள் வழக்கம், சீசனில் தவறாது. ஐந்தருவியில் கூட்டம் இருந்தாலும் தண்ணீர் நிறைய விழுந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டு வந்து வேன் பக்கத்தில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றோம். அக்கா ஈரத் தலையோடு வேன் படியில் உட்கார்ந்து, நான் கதையில் எங்கெங்கே தப்புப் பண்ணினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும். நன்றி என்ற வார்த்தை எங்களுக்குள் புழங்கியதில்லை. புழங்கினால் ஒருத்தருக்கொருத்தர் சந்தேகப்படுவோம். அவள் பஜ்ஜியில் உள்ளே இருந்த மிளகாயை மட்டும் எடுத்து என் தட்டில் போட்டாள். நான் தின்றேன். எங்களுக்குத் தெரிந்த விதம் அவ்வளவுதான்.

கடைசிக் கொடை என்று சொன்னாயே என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. அண்ணாச்சி இரண்டு தடவை கேட்க வாயெடுத்து, பஜ்ஜியை வைத்து அடைத்துக்கொண்டார். உடுக்கைத் தம்பி என் முழங்கையை இடித்தான். நான் அவன் முழங்கையைத் திருப்பி இடித்தேன். அப்போது என் போன் அடித்தது.

திருவேங்கடம் ஊர்ப் பக்கம் ஒரு கோயில் கமிட்டி ஆள். கொடைக்கு வந்திருந்த அவருடைய மருமகள் போனில் எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்தாராம். "அந்தச் சண்ட போடுத அக்கா, அவுக வருவாகளா?" என்று கேட்டார். என் வாய் திறக்கும் முன்னால் நான் அதை மூடிக்கொண்டேன். இந்தப் பதில் நான் சொல்கிற பதில் இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் நீட்டினேன். மூன்று பேரும் அருவியைப் பார்ப்பது போல நின்றோம்.

அக்கா போனை வாங்கினாள். 

"சொல்லுங்க."

"அலோ? அலோ? சரியா கேக்கல தாயி. சிக்னல் இல்லியோ?"

"சிக்னல் இருக்கு. எங் குரலு... இதுதான்." மூச்சு எடுத்தாள். அவசரப்படவில்லை. "இனிமேலும்... இதுதான். இதுக்குப் பந்தல்... போடுவீயன்னா... வாரோம்."

அந்தப் பக்கம் யாரிடமோ கேட்கிற முணுமுணுப்பு. பிறகு அந்த ஆள், "ஆவணி கடேசி வெள்ளி தாயி. நாலு பேருக்கும் சாப்பாடு எங்க வீட்டுல" என்றார்.

அக்கா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே படியிலிருந்து எழுந்தாள்.

"அண்ணாச்சி, வேனுக்கு... டயர மாத்தும். அந்தப் பக்கம்... ரோடு மோசம்."